டைல்ஸுக்கு அடியில என்ன போடணும்? பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் தேர்வு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி. அம்பத்தூர்லருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். 14 வருஷத்து அபார்ட்மென்ட், மூணாவது மாடி. இவர் பாத்ரூமுக்கு நேர் கீழ இருக்கிற வீட்ல சீலிங் முழுக்க ஓதம். பெயின்ட் உப்பி, உப்பு பூத்து, போன மாசம் பூச்சு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கீழ விழுந்திருக்கு. நல்லவேளை, அப்ப அங்க யாரும் இல்ல. "பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் குடுத்து வாங்கிட்டிருந்த வீடு சார், இப்ப படிக்கட்டுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க"ன்னு சொல்றார்.

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கியிருக்கார். ஒருத்தர் பி.யு. கோட்டிங்னு சொல்றார். இன்னொருத்தர் தார் ஷீட். மூணாவது ஆள், "அதெல்லாம் தேவையில்ல சார், சிமென்ட்ல லிக்விட் கலந்து பூசிட்டா போதும்"ங்கிறார். விலையில மூணுக்கும் பெரிய வித்தியாசம். "எது சார் நல்ல பொருள்?" இதுதான் கேள்வி.

வழக்கம்போல கம்பெனி பேர் எதுவும் சொல்ல மாட்டேன். பொருளோட வகையை மட்டும் சொல்றேன். கடையில போய்க் கேட்டு வாங்க அது போதும்.

டைல்ஸ் தண்ணியைத் தடுக்காது

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைத் தள்ளி வைப்போம். டைல்ஸ் ஒட்டிட்டா தண்ணி இறங்காதுன்னு பலபேர் நினைக்கிறோம். விட்ரிஃபைட் டைல் தனியா எடுத்துப் பார்த்தா தண்ணியை உறிஞ்சாதுதான். ஆனா ரெண்டு டைலுக்கு நடுவுல இருக்கிற கிரவுட் சிமென்ட்ல ஆனது. அதுல கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கு. தரையும் சுவரும் சேர்ற மூலையில கிரவுட் சீக்கிரமே விரிசல் விடும். அதனால தினமும் கொஞ்சம் தண்ணி டைலுக்கு அடியில போகத்தான் செய்யும். போற தண்ணியை அங்க எது தாங்குது, அது எந்த வழியா வெளியேறுதுங்கிறதுதான் வாட்டர்ப்ரூஃபிங்.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயம். குளிக்கிறதுக்குன்னு ஒரு மூலை, மத்த தரை காய்ஞ்சிருக்கும், அப்படியெல்லாம் நம்ம வீடுகள்ல ரொம்பக் குறைவு. பக்கெட், மக், துணி துவைக்கிறது, கடைசியில தரையையே கழுவி விடுறது. கதவு நிலை வரைக்கும் ஈரம். அதனால நமக்கு பாத்ரூம் முழுசுமே ஷவர்தான்.

அபார்ட்மென்ட்ல டைலுக்கு அடியில என்ன இருக்கு? சங்கன் ஸ்லாப். பாத்ரூம் வர்ற இடத்துல கான்கிரீட் தளத்தை எட்டு இஞ்ச்லருந்து ஒரு அடி வரைக்கும் இறக்கிப் போட்டிருப்பாங்க. அந்தப் பள்ளத்துல ட்ராப்பையும் பைப்பையும் வெச்சு, செங்கல் உடைசலைப் போட்டு நிரப்பி, மேல சிமென்ட் தளம் போட்டு, அதுக்கு மேல டைல்ஸ். செங்கல் உடைசல் பஞ்சு மாதிரி. ஒரு தடவை தண்ணி குடிச்சுதுன்னா லேசுல விடாது. பள்ளத்துல தேங்கின தண்ணி மெதுவா ஸ்லாப்புக்குள்ள இறங்கும்.

இதை ஏன் சாதாரணமா விடக்கூடாதுன்னா, ஸ்லாப்போட அடிப்பக்கத்துல கம்பிக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல இருக்கிற கான்கிரீட் வழக்கமா 20 மி.மீ.தான். ஈரம் போய் கம்பி துருப்பிடிச்சா, துரு கம்பியை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். அது கான்கிரீட்டை உள்ளேருந்து பிளந்து தள்ளும். இன்னைக்கு விழுந்தது பூச்சு. இப்படியே விட்டா அடுத்து விழப்போறது கான்கிரீட். அந்த ஸ்லாப் கீழ் வீட்டுக்குக் கூரை, மேல் வீட்டுக்குத் தரை. ரெண்டு பேருக்கும் சொந்தமான பிரச்சினை இது.

பொருளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

ஒண்ணு, பூசப்போற இடம் அசையுமா? ரெண்டு, அந்த இடம் இப்ப ஈரமா, காய்ஞ்சிருக்கா? மூணு, அதுக்கு மேல என்ன ஒட்டணும்? நாலு, இந்தப் பொருள் ட்ராப்போடயும் பைப்போடயும் எப்படிச் சேரும்?

கொட்டேஷன் குடுக்கிறவர்கிட்ட இந்த நாலையும் கேளுங்க. நாலாவது கேள்விக்குப் பதில் வரலைன்னா பொருள் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. வெறும் தரையில எந்தப் பொருளும் பெரும்பாலும் தாங்கிடும். பைப் தளத்தைத் துளைச்சுட்டுப் போற இடத்துலயும், சுவரும் தரையும் சேர்ற மூலையிலயும்தான் பெரும்பாலான ஒழுக்கு.

சிமென்ட்ல கலக்கிற லிக்விட்

மூணாவது கான்ட்ராக்டர் சொன்னது இது. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு இவ்வளவு மில்லின்னு கலவையில ஊத்துவாங்க. இதுக்கு ஐஎஸ் 2645-னு தனித் தரநிர்ணயமே இருக்கு. நல்ல பொருள்தான். ஆனா இது செய்யற வேலை, கலவையில இருக்கிற நுண்துளைகளைக் குறைக்கிறது மட்டும். பூச்சுல விரிசல் விட்டா, விரிசல் வழியா தண்ணி போறதை இது தடுக்காது. டைலுக்கு அடியில வர்ற தளக் கலவையில சேர்த்துக்கோங்க, தப்பே இல்ல. இதையே வாட்டர்ப்ரூஃபிங்னு கணக்குல எழுதினா ஒத்துக்காதீங்க.

தார் ஷீட்

மூணு, நாலு மி.மீ. தடிமன்ல ரோலா வரும். கேஸ் பர்னரால சூடு காட்டி உருக்கி ஒட்டுவாங்க. பெரிய, தடங்கல் இல்லாத பரப்புக்கு இது நல்லா வேலை செய்யும். அஞ்சுக்கு எட்டு பாத்ரூம்ல சிக்கல். அந்தச் சின்ன இடத்துல நாலு மூலை, ட்ராப், கமோடு பைப், வாஷ்பேசின் பைப்புன்னு எல்லாம் இருக்கும். ஒவ்வொண்ணையும் சுத்தி ஷீட்டை வெட்டணும், ஒட்டுப் போடணும். பக்கத்துலயே பி.வி.சி. பைப். தீயைக் கிட்ட கொண்டுபோனா பைப் இளகிடும், பயந்து தள்ளிப் பிடிச்சா ஷீட் சரியா ஒட்டாது. காத்து வராத சின்ன அறையில தீயும் புகையும் வேற.

மூணாவது கேள்வியையும் இங்க கேட்டுப் பாருங்க. தார் மேல டைல் கம் நேரா பிடிக்காது. மேல ஒரு கனமான தளம் போட்டே ஆகணும். சுவர்ல ஏத்தின ஷீட் மேல பூச்சு நிக்கிறதும் சிரமம். சங்கன் பள்ளத்தோட அடிக்கு வேணும்னா யோசிக்கலாம். டைலுக்கு நேர் கீழ வர்ற அடுக்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

பி.யு. கோட்டிங்

பாலியூரித்தேன். பிரஷ்ஷால, ரோலரால பூசற ரப்பர்னு வெச்சுக்கோங்க. பல மடங்கு இழுபடும், அதனால சின்னச் சின்ன அசைவையும் விரிசலையும் தாங்கும். ஒட்டுப் போட வேண்டிய மூட்டே கிடையாது. பைப்பைச் சுத்தி அழகாப் பூசலாம். முதல் கேள்விக்கும் நாலாவது கேள்விக்கும் நல்ல மார்க்.

ரெண்டாவது கேள்விதான் இடிக்குது. இதுல பெரும்பாலான வகைகளுக்குத் தரை நல்லாக் காய்ஞ்சிருக்கணும். அடியில ஈரம் இருந்தா கொப்பளம் கொப்பளமா எழும்பி வந்துடும். பத்து வருஷமா தண்ணி குடிச்ச ஸ்லாப்பை உடைச்சுத் திறந்தா, மேல பார்க்கக் காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள வாரக்கணக்கா ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில சென்னையில இதைப் பண்ணணும்னா ரொம்ப யோசிக்கணும்.

இன்னொண்ணு, காய்ஞ்ச பி.யு. வழவழன்னு இருக்கும், டைல் கம் பிடிக்காது. கடைசிக் கோட் ஈரமா இருக்கும்போதே அது மேல காய்ஞ்ச குவார்ட்ஸ் மணலைத் தூவிவிடணும். காய்ஞ்ச பிறகு சொரசொரன்னு இருக்கும், டைல் கம் அதைப் பிடிச்சுக்கும். கான்ட்ராக்டர் மணலைப் பத்திப் பேசவே இல்லைன்னா, அவர் டைலுக்கு அடியில பி.யு. பண்ணிப் பழகினவரான்னு கேளுங்க.

ரெண்டு பாகம் கலக்கிற பாலிமர் சிமென்ட் கோட்டிங்

நேயருக்கு யாருமே சொல்லாத பொருள் இதுதான். ஒரு பை பவுடர், ஒரு கேன் பால் மாதிரி திரவம். பவுடர் சிமென்ட் சார்ந்தது, திரவம் அக்ரிலிக் பாலிமர். ரெண்டையும் கம்பெனி சொன்ன விகிதத்துல மெஷின்ல கலக்கிப் பிரஷ்ஷால பூசணும்.

தரை ஈரப்பதமா இருக்கலாம், தண்ணி மட்டும் நிக்கக்கூடாது. சிமென்ட் இருக்கிறதால கான்கிரீட்லயும் பூச்சுலயும் நல்லா ஒட்டும், மேல டைல் கம்மும் நேரா ஒட்டும். பாலிமர் இருக்கிறதால ஓரளவு இழுபடும். பி.யு. அளவுக்கு இழுபடாது, ஆனா பாத்ரூம் தரையில வர்ற மெல்லிய விரிசலுக்குப் போதும். மூட்டு கிடையாது. நம்ம ஊர் கொத்தனாருக்குப் பழக்கப்பட்ட வேலை மாதிரியே இருக்கும். நாலு கேள்விக்கும் சேர்த்துப் பார்த்தா, டைலுக்கு அடியில போட நம்ம பாத்ரூமுக்கு இதுதான் என்னோட முதல் தேர்வு.

வாங்கும்போது "ஃப்ளெக்ஸிபிள்" வகையான்னு கேட்டு வாங்குங்க. இதே மாதிரி பவுடரும் திரவமுமா வர்ற, இழுபடாத வகையும் இருக்கு. மொட்டை மாடிக்கு அடிக்கிற வெள்ளை அக்ரிலிக் கோட்டிங் வேற பொருள். மாடியில மழை பெய்யும், வெயிலடிச்சுக் காயும். டைலுக்கு அடியில ஈரம் எப்பவும் நிக்கும். அங்க அதைப் போடாதீங்க.

வீடியோவுல பார்க்கிற ஷீட்

அமெரிக்க வீடியோ பார்த்துட்டு நிறையப் பேர் கேக்கிறீங்க, "அவங்க ஒரு சாம்பல் கலர் ஷீட் விரிக்கிறாங்களே, அது இங்க கிடைக்குமா"ன்னு. அது பி.வி.சி. இல்லன்னா சி.பி.இ.ங்கிற ஷீட். ஏறக்குறைய ஒரு மி.மீ. தடிமன். அங்க பெரும்பாலான வீடுகள் மரச்சட்டம். மரம் வீங்கும், சுருங்கும். அதனால தரையோட ஒட்டாம, தொட்டி மாதிரி விரிக்கிற ஷீட் அவங்களுக்குப் பொருந்துது.

ஆனா அந்த ஷீட் வேலை செய்யறதுக்குக் காரணம் ஷீட் மட்டும் இல்ல. அவங்க ட்ரெயின் ரெண்டு பாகமா இருக்கும். ஷீட்டை நடுவுல வெச்சு போல்ட் போட்டு இறுக்குவாங்க. ஷீட் மேல இறங்கின தண்ணி ட்ரெயினுக்குள்ளயே போறதுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகளும் இருக்கும். ஷீட்டுக்கு அடியிலேயே வாட்டமும் குடுத்திருப்பாங்க. நம்ம நஹானி ட்ராப்ல அந்த இறுக்குற அமைப்பு கிடையாது. ஷீட்டை மட்டும் வாங்கிட்டு வந்தா, ட்ராப் ஓரத்துல அது எதோடயும் சேராம நிக்கும். அதனாலதான் நாலாவது கேள்வியை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

அவங்ககிட்டருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வாட்டம் டைல்ல மட்டும் இருந்தா பத்தாது, வாட்டர்ப்ரூஃபிங் அடுக்குலயே இருக்கணும். சமதளத்துல கோட்டிங் அடிச்சு, மேல கலவையில வாட்டம் குடுத்தா, இறங்கின தண்ணி கோட்டிங் மேல குளம் கட்டி நிக்கும். முதல்ல வாட்டத்தோட தளம், அது மேல கோட்டிங், அது மேல டைல் கம், டைல். இந்த வரிசையை மாத்தாதீங்க.

அம்பத்தூர் நேயருக்கு

சார், உடைக்கிறதுக்கு முன்னாடி எங்கருந்து தண்ணி வருதுன்னு பாருங்க. ரெண்டு மூணு நாள் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாதீங்க, ஆனா தண்ணி வால்வை மூடாதீங்க. அப்பவும் ஓதம் பரவிட்டே இருந்தா சுவருக்குள்ள போற தண்ணி லைனைச் சந்தேகப்படணும். அப்படின்னா எந்தக் கோட்டிங்கும் உதவாது, பிளம்பர்தான் வேணும். ஓதம் பரவலைன்னா, ட்ராப் வாயை இறுக்கி அடைச்சுட்டு தரையில ஒரு இஞ்ச் தண்ணி கட்டி ஒரு நாள் வைங்க. ஒழுக்கு கூடினா தரை. கூடலைன்னா அடைப்பை எடுத்து விடுங்க. அதுக்கப்புறம் ஒழுகினா ட்ராப் அல்லது கழிவு லைன். ஒண்ணு ஞாபகம் வைங்க, பள்ளம் ஏற்கனவே தண்ணி குடிச்சிருந்தா ஒழுக்கு உடனே நிக்காது. அவசரப்படாம நாள் விட்டுப் பாருங்க. கீழ் வீட்டுக்காரரையும் கூட வெச்சுக்கிட்டே இந்தச் சோதனையைப் பண்ணுங்க. அவங்க சீலிங்கை அவங்கதான் பார்த்துச் சொல்லணும். கண்ணால பார்த்துட்டா பாதி வாக்குவாதம் குறைஞ்சிடும்.

தரைதான்னு தெரிஞ்சா, பள்ளம் வரைக்கும் உடைச்சு ஈரமான உடைசலை முழுசா அள்ளிடுங்க. மேல டைலை மட்டும் மாத்தினா, உள்ள இருக்கிற தண்ணியை மூடி போட்டு வெச்ச மாதிரி ஆகிடும். பிறகு ரெண்டு அடுக்கு. பள்ளத்தோட அடியிலயும் பக்கச் சுவர்லயும் பாலிமர் சிமென்ட் கோட்டிங், நிரப்பினதுக்கு மேல வாட்டத் தளம் போட்டு மறுபடி அதே கோட்டிங். உங்க ஸ்லாப் ஈரமா இருக்கும், அதனால பி.யு.வுக்காகக் காத்திருக்க வேண்டாம். நிரப்புறதுக்கு செங்கல் உடைசலுக்குப் பதிலா தண்ணி அதிகம் குடிக்காத, எடை குறைஞ்ச பொருள் கிடைச்சா நல்லது. பள்ளத்தோட அடிமட்டத்துல ஒரு சின்ன பைப்பை டக்ட் பக்கம் வெளிய விட முடியுமான்னு பாருங்க. நாளைக்குத் தண்ணி இறங்கினா அந்தப் பைப்ல சொட்டும். கீழ் வீட்டு சீலிங்குக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

உடைக்கவே முடியாதுன்னு இருக்கிறவங்களுக்கு: பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துட்டு எப்பாக்சி கிரவுட் போடலாம். டைல் வழியா இறங்குறது நல்லாவே குறையும். ட்ராப் மூட்டு ஒழுகினா அதால பயன் இல்ல.

வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க

பைப் வேலையெல்லாம் முடிஞ்சு, லைன்ல பிரஷர் வெச்சுச் சோதிச்ச பிறகுதான் கோட்டிங். கோட்டிங் அடிச்சதுக்கு அப்புறம் பிளம்பர் உளி எடுத்துட்டு உள்ள வந்தா எல்லாம் வீண்.

தரையும் சுவரும் சேர்ற மூலையைக் கலவையால உருட்டி விடணும். கூர்மையான மூலையில கோட்டிங் மெலிஞ்சு போய் அங்கதான் முதல்ல வெடிக்கும். பைப்பைச் சுத்தியும் மூலையிலயும் ஃபைபர் மெஷ் வெச்சு, முதல் கோட் ஈரத்துலயே பதிக்கணும். முதல் கோட் ஒரு திசையில, அது காய்ஞ்ச பிறகு ரெண்டாவது கோட் குறுக்குத் திசையில. சுவர்ல எல்லாப் பக்கமும் ஒரு அடி, ஷவர் பக்கம் ஆறு அடிக்குக் குறையாம. கதவு நிலைக்கு அடியில விட்டுடாதீங்க.

கணக்கு ஒண்ணு சொல்றேன், கையில வெச்சுக்கோங்க. அஞ்சுக்கு எட்டு பாத்ரூம். தரை 40 சதுர அடி. சுத்தி ஒரு அடி சுவர் 26. ஷவர் மூலையில ரெண்டு சுவரும் சேர்த்து ஒன்பது அடி அகலம்னு வைங்க, மேல இன்னும் அஞ்சு அடி ஏத்தினா 45. மொத்தம் 111 சதுர அடி, ஏறக்குறைய பத்து சதுர மீட்டர். இந்த வகைக் கோட்டிங் ரெண்டு கோட்டுக்கு சதுர மீட்டருக்குப் பொதுவா ஒன்றரைலருந்து ரெண்டு கிலோ பிடிக்கும். உங்க பையில என்ன எழுதியிருக்குன்னு சரிபாருங்க. ஆக மேல் அடுக்குக்கு மட்டும் 15லருந்து 20 கிலோ. அஞ்சு கிலோ டப்பா ஒண்ணுல முடிச்சுட்டேன்னு யாராவது சொன்னா, என்ன நடந்திருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். தண்ணியை அதிகம் ஊத்தி, கூட சாதா சிமென்ட்டைச் சேர்த்து இழுத்திருப்பாங்க. பையைப் பிரிக்கும்போது நில்லுங்க, காலிப் பையை எண்ணுங்க.

பையில சொன்ன நாள் வரைக்கும் காய விட்டுட்டு, ட்ராப்பை அடைச்சு 48லருந்து 72 மணி நேரம் தண்ணி கட்டி வைங்க. சுவர்ல பென்சிலால மட்டத்தைக் குறிச்சுக்கோங்க. கீழ் வீட்ல போய்ப் பாருங்க. நனையலைன்னா மட்டும் டைல் வேலைக்காரரை வரச் சொல்லுங்க. பள்ளத்துக்கு ஒரு தடவை, மேல் அடுக்குக்கு ஒரு தடவை, ஆக ரெண்டு சோதனை. டைல் ஒட்டிட்டு சோதிக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அப்ப தப்பு தெரிஞ்சா டைலையும் சேர்த்துத்தான் உடைக்கணும்.

கொட்டேஷனை இனிமே இப்படிக் கேளுங்க: என்ன வகைப் பொருள், எத்தனை கிலோ, எத்தனை கோட், எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம் தண்ணி கட்டிக் காட்டுவீங்க. இந்த அஞ்சும் எழுத்துல இருந்தால்தான் மூணு விலையை ஒப்பிட முடியும்.

அடுத்த எபிசோட்ல இதோட தொடர்ச்சியா, டைல் கம்மா, சிமென்ட் பால் ஊத்தி ஒட்டுறதா, எது எந்த டைலுக்குன்னு பேசலாம். உங்க பாத்ரூம் கேள்விகளை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. பாத்ரூம் அளவு, எத்தனை வருஷத்து வீடு, ஓதம் எந்தப் பக்கம்னு சேர்த்துச் சொன்னீங்கன்னா பதில் சொல்ல வசதியா இருக்கும்.